தராசு நன்றாகத்தான் இருக்கிறது: பழைய விண்டோஸ் கணினியில் டிரைவரைக் காப்பாற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறை. மேசை மேல் எலக்ட்ரானிக் தராசு, பக்கத்தில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், கீழே விண்டோஸ் 98 ஓடும் கணினி. வெள்ளியைத் தராசில் வைத்தால் எடை தானாகவே பில்லில் ஏறிவிடும். ஒருநாள் ஏறவில்லை. உரிமையாளர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, தராசு நல்லாத்தான் இருக்குது. பிரிண்டரும் நல்லா இருக்குது. நடுவுல ஏதோ ஒண்ணுதான் பேச மாட்டேங்குது" என்றார்.

அவர் சொன்ன அந்த "நடுவுல ஒண்ணு" பெரும்பாலும் டிரைவராகத்தான் இருக்கும். இந்த ஊரில் பட்டறை, தறிக்கூடம், மண்டி, ஏற்காட்டு எஸ்டேட் என்று நான் போகிற இடமெல்லாம் இதே கதைதான். கருவி நன்றாக இருக்கும். அதோடு பேசத் தெரிந்த சின்னக் கோப்பு ஒன்று தொலைந்திருக்கும். கோப்பு போனதற்காக நல்ல தராசைப் பழைய இரும்புக்குப் போடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம், வேலையைச் சரியான வரிசையில் செய்தால்.

துண்டுக்கு அடியில் நடக்கும் பேச்சு

மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போர்த்தி, அதற்கடியில் விரல்களைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே அந்த விரல் மொழி தெரிந்தவர் தரகர். டிரைவரின் வேலையும் அதுவே. நிரல் ஒரு பக்கம், கருவி மறுபக்கம். கருவியின் விரல் மொழி டிரைவருக்கு மட்டுமே தெரியும்.

விண்டோஸுக்கு முந்தைய, கட்டளை தட்டி ஓட்டும் டாஸ் காலத்தில் இந்தத் தரகர் கட்டாயமில்லை. நிரலே துண்டுக்கடியில் கையை விட்டுப் பேசிக்கொள்ளும். முதல் சீரியல் போர்ட் (தராசு போன்ற கருவியைச் செருகும் துளை) வேண்டுமா, 3எஃப்8 என்ற முகவரிக்குப் போகும். பிரிண்டர் வேண்டுமா, 378-க்குப் போகும். விண்டோஸ் 95-லும் 98-லும் விஎக்ஸ்டி என்ற வகை டிரைவர்கள் நடுவில் உட்கார்ந்தன. ஆனாலும் டாஸ் நிரல் நேராகக் கையை நீட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும். 98-இலிருந்து டபிள்யூடிஎம் என்ற புது வகையும் சேர்ந்தது. 98-க்கும் எக்ஸ்பிக்கும் ஒரே டிரைவர் சில கருவிகளுக்குப் பொருந்துவது இதனால்தான்.

1993-இல் வந்த விண்டோஸ் என்டி வேறு குடும்பம். அதில் தரகர் அல்லாத யாரும் துண்டுக்கடியில் கைவிட முடியாது. 2001-இல் வந்த எக்ஸ்பி அந்தக் குடும்பத்துப் பிள்ளை. 98-இல் ஓடிய தராசு நிரல் எக்ஸ்பியில் ஓடாமல் போவதன் மூல காரணம் பெரும்பாலும் இந்த ஒரு மாற்றம்தான். டாஸ் நிரல்களுக்காக காம் (சீரியல்), எல்பிடி (பிரிண்டருக்கான பேரலல்) போர்ட் இருப்பதுபோல நடித்துக் காட்டும் ஏற்பாடு 32 பிட் எக்ஸ்பியில் உண்டு. எடை படிக்கவும் பில் அச்சடிக்கவும் அது பெரும்பாலும் போதும். இம்மி நேரம் தப்பாமல் சிக்னல் அனுப்ப வேண்டிய எந்திரத்துக்குப் போதாது. 64 பிட் விண்டோஸில் 16 பிட் டாஸ் நிரலே ஓடாது. விஸ்டாவிலிருந்து 64 பிட் பதிப்புகள் கையொப்பமில்லாத கெர்னல் (விண்டோஸின் உட்கரு) டிரைவரை ஏற்பதும் இல்லை. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது.

முதல் படி: எதையும் தொடுமுன் எழுதிக்கொள்ளுங்கள்

தொழிலுக்கு வந்த புதிதில், சேலத்தின் குகைப் பகுதியில் ஒரு கடையில், வைரஸ் பிடித்த 98 கணினியை ஃபார்மேட் செய்துவிட்டு டிரைவர் சிடியைக் கேட்டேன். சிடி பல வருடங்களுக்கு முன்பே தொலைந்திருந்தது. அந்தச் சீரியல் கார்டின் டிரைவர் இருந்த ஒரே இடம் நான் அழித்த வட்டு. கார்டு செய்த நிறுவனமும் அதற்குள் மூடப்பட்டிருந்தது. கடைக்காரர் என்னைத் திட்டவில்லை. அது இன்னும் உறுத்துகிறது. அன்றிலிருந்து எந்தப் பழைய கணினியைத் திறந்தாலும் முதல் ஒரு மணி நேரம் எழுதுவதற்கும் நகல் எடுப்பதற்கும் மட்டும்தான்.

எழுத வேண்டியவை: எந்த வடம் எந்தத் துளையில் போகிறது, டிவைஸ் மேனேஜரில் (கருவிகளைப் பட்டியலிடும் விண்டோஸ் திரை) ஒவ்வொரு போர்ட்டுக்கும் உள்ள முகவரியும் ஐஆர்க்யூ எண்ணும் (கருவி கணினியைக் கூப்பிடும் மணியின் எண்), பயாஸ் (கணினி கிளம்பும்போது முதலில் ஓடும் நிரல்) திரையில் சீரியல், பேரலல் போர்ட் எப்படி அமைந்திருக்கிறது, தராசின் வேக அமைப்பு. காம்1 என்றால் பெரும்பாலும் 3எஃப்8, ஐஆர்க்யூ 4. காம்2 என்றால் 2எஃப்8, ஐஆர்க்யூ 3. எல்பிடி1 என்றால் 378, ஐஆர்க்யூ 7. உங்கள் கணினியில் இதற்கு மாறாக இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். பயாஸ் திரைகளைக் கைபேசியில் படமெடுத்துவிடுங்கள். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்தால் அந்த அமைப்பெல்லாம் ஒரே இரவில் போய்விடும். பேட்டரியையும் அன்றே மாற்றிவிடுவது நல்லது.

இரண்டாம் படி: வட்டை முழுதாக நகலெடுங்கள்

கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் போதாது, வட்டு முழுவதையும் பிம்பமாக எடுக்க வேண்டும். வட்டைக் கழற்றி, ஐடிஇ (பழைய இணைப்பு வகை) வட்டை யூஎஸ்பியில் இணைக்கும் மாற்றியில் மாட்டி, லினக்ஸ் ஓடும் வேறொரு கணினியில் வைத்து எடுப்பேன். நல்ல வட்டுக்கு குளோன்சில்லா போதும். கரகரவென்று சத்தம் போடும் வட்டுக்கு டிடிரெஸ்க்யூ. அது கெட்ட பகுதிகளை முதலில் தாண்டிப்போய் நல்லதையெல்லாம் எடுத்துவிட்டு, பிறகு திரும்பி வந்து கெட்டதை முயலும். சாகக் கிடக்கும் வட்டுக்கு அதுதான் பாதுகாப்பான வழி.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று. பிம்பத்தைச் சேமிக்கும் பென் டிரைவ் எஃப்ஏடி32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு ஏறாது. என்டிஎஃப்எஸ் வடிவில் வைத்துக்கொள்ளுங்கள். பிம்பத்தின் இரண்டு நகல், இரண்டு வேறு இடத்தில்.

மூன்றாம் படி: கருவியின் உண்மைப் பெயரைக் கண்டுபிடியுங்கள்

டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் அடையாளத்தோடு "தெரியாத சாதனம்" என்று நிற்பதைப் பார்த்ததும் இணையத்தில் டிரைவர் தேடி, கிடைத்ததையெல்லாம் நிறுவாதீர்கள். "எல்லா டிரைவரையும் நாங்களே போடுகிறோம்" என்று வரும் நிரல்கள் பழைய கணினியைக் கெடுத்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மதர்போர்டில் செருகும் ஒவ்வொரு பிசிஐ கார்டுக்கும் யூஎஸ்பி கருவிக்கும் இரண்டு எண்கள் உண்டு: செய்தவர் எண், கருவி எண். பெட்டியின் மேல் எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் இந்த எண்கள் உள்ளே இருக்கும் சில்லைக் காட்டிக்கொடுத்துவிடும். எக்ஸ்பியில் சாதனத்தின் பண்புகள் பெட்டியில், விவரங்கள் பக்கத்தில் பார்க்கலாம். 98-இல் அந்தப் பக்கம் இல்லை. ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் இடம்) எனும் (Enum) என்ற கிளையின் கீழ் பிசிஐ பிரிவில் இருக்கும். இரண்டுக்கும் வழியில்லாவிட்டால் பப்பி லினக்ஸ் போல எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைச் சிடியிலிருந்து ஓட்டி, எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளை கொடுங்கள். எதையும் சேமிக்காதவரை வட்டில் ஒரு எழுத்தும் மாறாது.

செய்தவர் எண் 8086 என்றால் இன்டெல், 10இசி ரியல்டெக், 1106 வியா, 10டிஇ என்விடியா. யூஎஸ்பி-சீரியல் வடங்களில் 067பி, 2303 என்றால் புரோலிஃபிக் சில்லு; 0403, 6001 என்றால் எஃப்டிடிஐ; 1ஏ86, 7523 என்றால் சிஎச்340. இந்த மூன்றையும் மனப்பாடம் செய்துவிட்டால் பாதி நாள் மிச்சமாகும்.

மஞ்சள் அடையாளத்தோடு வரும் குறியீட்டு எண்ணையும் படியுங்கள். 28 என்றால் டிரைவரே இல்லை. 10 என்றால் டிரைவர் இருக்கிறது, கருவி கிளம்பவில்லை. 12 என்றால் முகவரிக்கோ ஐஆர்க்யூவுக்கோ இரண்டு கருவிகள் அடித்துக்கொள்கின்றன. 39 என்றால் கோப்பு கெட்டிருக்கலாம் அல்லது காணாமல் போயிருக்கலாம்.

நான்காம் படி: ஓடும் கணினியிலிருந்து டிரைவரைப் பிரித்தெடுத்தல்

ஒரு டிரைவரில் இரண்டு பகுதி உண்டு. வேலை செய்யும் கோப்பு ஒன்று. எக்ஸ்பியில் அது பெரும்பாலும் சிஸ்டம்32-க்குள் டிரைவர்ஸ் என்ற உறையில் சிஸ் (.sys) என்று முடியும். அதை எங்கே வைக்க வேண்டும், ரெஜிஸ்ட்ரியில் என்ன எழுத வேண்டும் என்று சொல்லும் ஐஎன்எஃப் கோப்பு இன்னொன்று. இரண்டும் சேர்ந்தால்தான் வேறு கணினியில் நிறுவ முடியும்.

டிரைவர் விவரங்கள் பொத்தானை அழுத்தினால் கோப்புகளின் பட்டியல் வரும். ஐஎன்எஃப் கோப்புதான் ஒளிந்து விளையாடும். எக்ஸ்பி அதன் பெயரை மாற்றி, ஓஇஎம்0, ஓஇஎம்1 என்று வரிசை எண் கொடுத்து, ஐஎன்எஃப் உறைக்குள் போட்டுவிடும். 98-இல் ஐஎன்எஃப் உறைக்குள் அதர் என்று இன்னோர் உறை இருக்கும். வெளியார் கொடுத்தவை பெரும்பாலும் அங்கே கிடக்கும். ஐஎன்எஃப் வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்து, மூன்றாம் படியில் குறித்த எண் எதில் இருக்கிறது என்று தேடினால் உங்களுடையது அகப்படும்.

திறந்ததும் மேலே உள்ள கையொப்ப வரியையும் பாருங்கள். சிகாகோ என்று இருந்தால் (விண்டோஸ் 95 உருவானபோது அதற்கு வைத்திருந்த பெயர் அது) 98-க்கும் எக்ஸ்பிக்கும் பொதுவாக இருக்க வாய்ப்புண்டு. விண்டோஸ் என்டி என்று இருந்தால் 98-க்கு ஆகாது. கீழே காப்பிஃபைல்ஸ் என்ற பகுதி எந்தெந்தக் கோப்பு வேண்டும் என்று வரிவரியாகச் சொல்லும். அதில் உள்ளதையெல்லாம் ஒரே உறையில் சேர்த்து, கருவியின் பெயரையும் தேதியையும் உறைக்குப் பெயராக வையுங்கள். எக்ஸ்பியில் இந்த வேலையை டபுள் டிரைவர் போன்ற நிரல்கள் தாமே செய்யும். ஆனாலும் நான் கையால் ஒருமுறை சரிபார்க்காமல் விடுவதில்லை.

ஐந்தாம் படி: தராசும் சீரியல் போர்ட்டும்

சேலத்தில் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இதற்காகத்தான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

டிரைவரைக் குறை சொல்லுமுன் வடத்தைப் பாருங்கள். ஒன்பது ஊசித் தலையில் கணினிப் பக்கம் 2 கேட்கும், 3 பேசும், 5 பொதுத் தரை. தராசு பேசும் கம்பி கணினியின் 2-க்கு வந்து சேர வேண்டும். சில தராசுகளுக்கு நேர் வடம், சிலவற்றுக்கு 2-ம் 3-ம் குறுக்கே மாறிய வடம். புது வடம் வாங்கி வந்து "வேலை செய்யவில்லை" என்பவர்களில் பலருக்கு இந்தக் குறுக்குதான் சிக்கல்.

அடுத்து, பில்லிங் நிரலை மூடிவிட்டு எக்ஸ்பியில் ஹைப்பர் டெர்மினலை (போர்ட்டில் வருவதைத் திரையில் காட்டும் நிரல்) திறங்கள். வேகம் 9600, 8 பிட், பாரிட்டி (பிழை பார்க்கும் கூடுதல் பிட்) இல்லை, நிறுத்த பிட் 1, ஓட்டக் கட்டுப்பாடு இல்லை. தராசில் ஒரு படிக்கல்லை வையுங்கள். எண் தெளிவாக வந்தால் போர்ட், வடம், டிரைவர் மூன்றும் நலம், கோளாறு நிரலில். கிறுக்கல் எழுத்து வந்தால் வேகமோ பாரிட்டியோ பொருந்தவில்லை. 2400, 4800 என்று மாற்றிப் பாருங்கள், 7 பிட் இரட்டைப் பாரிட்டியையும் முயலுங்கள். ஒன்றுமே வராவிட்டால் வடம், அல்லது தராசில் அச்சுப் பொத்தானை அழுத்தினால்தான் அனுப்பும் அமைப்பு, அல்லது போர்ட்டே செத்திருக்கிறது.

போர்ட் சாவது ஏற்காட்டில் சகஜம். கோடை மழையோடு இடி இறங்கும் மாதங்களில், களத்து மேட்டில் இருக்கும் எடைமேடையிலிருந்து அலுவலகம் வரை இழுத்த நீண்ட வடம் வழியாக மின்னதிர்ச்சி வந்து போர்ட் சில்லைக் கருக்கிவிடும். மழை தொடங்கினால் வடத்தைக் கழற்றிவிடச் சொல்லி அங்கே சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். எஸ்டேட் கணினிகளில் இன்னொன்று: மாதக்கணக்கில் மூடுபனி உள்ளே புகுந்து ரேம் பல்லிலும் கார்டு பல்லிலும் பாசிபோல் படியும். டிரைவர் கோளாறு என்று நினைத்துப் போன இடத்தில் ரப்பரால் பல்லைத் துடைத்ததும் எல்லாம் சரியானதுண்டு.

போர்ட் போய்விட்டால் இரண்டு வழி. பிசிஐ சீரியல் கார்டு போடலாம். ஆனால் அது 3எஃப்8-இல் உட்காராது, கணினி கொடுக்கும் வேறு முகவரியில் உட்காரும். விண்டோஸ் வழியாகப் பேசும் நிரலுக்கு இது பொருட்டில்லை. தானே முகவரி தேடிப்போகும் டாஸ் நிரலோ போர்ட்டைக் காணாமல் நின்றுவிடும்.

இன்னொரு வழி யூஎஸ்பி-சீரியல் வடம். இதில் கவனிக்க வேண்டியவை சில. பழைய நிரல்கள் பல காம்1 முதல் காம்4 வரை மட்டுமே பார்க்கும். வடம் காம்7 என்று ஏறியிருந்தால் போர்ட் அமைப்பின் மேம்பட்ட பகுதியில் எண்ணைக் குறையுங்கள். "அந்த எண் பயனில் உள்ளது" என்று மறுத்தால் முன்பு செருகி எடுத்த வடத்தின் நிழல் பதிவு இன்னும் இருக்கிறது. மறைந்திருக்கும் சாதனங்களைக் காட்டச் செய்து பழையதை நீக்குங்கள். தனி வரிசை எண் இல்லாத மலிவு வடங்களை வேறு துளையில் செருகினால் வேறு காம் எண் பெற்றுவிடும். துளையின் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்து, "இதிலேயே செருகவும்" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

போலிச் சில்லும் உண்டு. புரோலிஃபிக் பெயரில் வரும் போலியைப் புதிய டிரைவர் கண்டுபிடித்துக் குறியீடு 10 காட்டி நிறுத்திவிடும். டிரைவர் பட்டியலில் பழைய பதிப்பைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் ஓடும். 2014-இல் எஃப்டிடிஐ வெளியிட்ட டிரைவர் ஒன்று போலிச் சில்லுகளின் கருவி எண்ணைப் பூஜ்ஜியமாக்கியது. அந்த வடங்களை அதன்பின் கணினிக்கு அடையாளம் தெரியவில்லை. நல்ல வடத்துக்கு ஓரிரு நூறு ரூபாய் கூடக் கொடுப்பது இதற்காகத்தான்.

ஆறாம் படி: பிரிண்டர்

பிசிஐ எல்பிடி கார்டுக்கும் அதே முகவரிச் சிக்கல் உண்டு. யூஎஸ்பியிலிருந்து பேரலல் மாற்றும் வடம் பிரிண்டருக்கு மட்டுமே ஆகும். எல்பிடியில் செருகும் நிரல் பூட்டு இருந்தால் அதில் வேலை செய்யாது. பூட்டு உள்ள கணினிக்கு உண்மையான எல்பிடி உள்ள போர்டே வேண்டும்.

டாஸ் பில்லை யூஎஸ்பி பிரிண்டருக்கு அனுப்ப எக்ஸ்பியில் ஒரு நல்ல வழி இருக்கிறது. பிரிண்டரைப் பகிர்ந்து, சுருக்கமாக ஒரு பெயர் வைத்து, கமாண்ட் திரையில் நெட் யூஸ் கட்டளையால் எல்பிடி1 என்ற பெயரை அந்தப் பகிர்வோடு கட்டிவிடுங்கள். நிலைத்திருக்கும்படி குறிப்பையும் (/persistent:yes) சேர்த்தால் மறுநாளும் இருக்கும். பிரிண்டர் மட்டும் டாட் மேட்ரிக்ஸாகவே இருக்கட்டும். மலிவு லேசர் பிரிண்டர்கள் பலவற்றுக்கு டாஸ் அனுப்பும் வெறும் எழுத்து புரியாது.

ஏழாம் படி: மதர்போர்டே போய்விட்டால்

98-ஐப் புதிதாக நிறுவ 256 அல்லது 512 எம்பி ரேம் உள்ள போர்டு தேடுங்கள். அதற்கு மேல் போனால் நினைவகம் போதவில்லை என்ற பொய்ப் புகார் வரக்கூடும். வட்டு 137 ஜிபிக்கு உட்பட்டதாக இருக்கட்டும். பென் டிரைவுக்கான பொது டிரைவர் 98-இல் இல்லை. ஆகவே நிறுவும் முன்பே விண்டோஸ் சிடியின் கோப்புகளையும் நீங்கள் சேர்த்த டிரைவர் உறையையும் வட்டில் நகலெடுத்து வைத்துவிடுங்கள்.

எக்ஸ்பி என்றால் பயாஸில் சாடா (புதிய வட்டு இணைப்பு வகை) அமைப்பை ஐடிஇ முறைக்கு மாற்றுங்கள். சாடாவின் புது முறையான ஏஎச்சிஐக்கு டிரைவர் எக்ஸ்பியோடு வரவில்லை; மாற்றாவிட்டால் 7பி என்று முடியும் நீலத்திரை வரும். விண்டோஸ் 7-க்கு யூஎஸ்பி 3 டிரைவர் உள்ளேயே கிடையாது. 2015-இல் வந்த இன்டெல் 100 வரிசைச் சில்லுத் தொகுப்புகளில் பழைய யூஎஸ்பி 2 கட்டுப்படுத்தியை எடுத்துவிட்டார்கள். அந்தப் போர்டுகளில் நிறுவும்போது விசைப்பலகையும் மவுஸும் செத்ததுபோல் நிற்கும்.

போர்டு வாங்கும்போது பின்பக்கம் சீரியல் துளை இல்லை என்று ஒதுக்காதீர்கள். பல போர்டுகளில் உள்ளே காம் என்று எழுதிய பத்து ஊசி இணைப்பி இருக்கும், பட்டை வடம் வாங்கிப் போட்டால் போதும். ஆனால் அந்தப் பட்டை வடத்தில் ஊசி வரிசை இரண்டு வகை. தவறான வகையைப் போட்டால் டிவைஸ் மேனேஜரில் எல்லாம் சரியாகத் தெரியும், தராசு மட்டும் பேசாது. இதில் ஒருநாள் முழுக்க இழந்திருக்கிறேன்.

பழைய போர்டே கிடைக்காதபோது, புதுக் கணினியில் லினக்ஸ் போட்டு விர்ச்சுவல் பாக்ஸுக்குள் (கணினிக்குள் இன்னொரு கணினியாக நடிக்கும் நிரல்) பழைய வட்டின் பிம்பத்தை ஓட்டலாம். யூஎஸ்பி-சீரியல் வடத்தை உள்ளே இருக்கும் கணினிக்குக் காம்1 என்று, 3எஃப்8 முகவரியிலேயே காட்ட அதற்குத் தெரியும். முகவரி பிடிவாதம் பிடிக்கும் டாஸ் நிரலுக்கு பிசிஐ கார்டை விட இதுதான் நல்ல மருந்து.

டிரைவர் போட்டதும் கணினி எழவில்லையா

எக்ஸ்பியில் எஃப்8 அழுத்தி, கடைசியாக நன்றாக இருந்த அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே நுழைந்துவிட்டால், பயனர் சரியாகப் புகுந்ததாகப் பதிந்து அந்த வாய்ப்பு போய்விடும், ஆகவே முதல் முயற்சியிலேயே செய்யுங்கள். 98-இல் டாஸ் திரைக்குப் போய் ஸ்கேன்ரெக் கட்டளையை ரெஸ்டோர் குறிப்போடு (scanreg /restore) கொடுத்தால், அது தினமும் எடுத்து வைத்த ரெஜிஸ்ட்ரி நகல்கள் வரிசையாக வரும். வழக்கமாக ஐந்து இருக்கும்.

எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-லேயே முடிந்துவிட்டது. இந்தக் கணினிகளை இணையத்தில் இணைக்க வேண்டாம். கணக்கை வெளியே எடுக்க ஒரு பென் டிரைவைத் தனியாக ஒதுக்குங்கள், செருகியதும் நிரல் தானாக ஓடும் ஆட்டோரன்னை நிறுத்திவிடுங்கள்.

ஒப்படைக்கும் முன்

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் கடைசியில் குற்றவாளி டிரைவரோ தராசோ அல்ல. பேட்டரி தீர்ந்து பயாஸில் காம்1 அணைந்திருந்தது. பேட்டரி மாற்றி, காம்1-ஐ 3எஃப்8-இல் திரும்ப வைத்தேன். பிறகு வழக்கம்போல 100 கிராம் படிக்கல்லை மூன்று முறை வைத்து எடுத்து, மூன்று பில்லிலும் ஒரே எண் ஏறுகிறதா என்று பார்த்தேன். சுவர் சுவிட்சை அணைத்து, பத்து நிமிடம் கழித்துத் திரும்பப் போட்டு, மறுபடி மூன்று முறை. எண்கள் சரியாக வந்தன. பயாஸ் அமைப்பு, முகவரிகள், தராசின் வேகம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, பாலிதீன் உறையில் போட்டு, கேபினட் மூடியின் உள்பக்கம் ஒட்டினேன். டிரைவர் உறையும் வட்டின் பிம்பமும் உள்ள பென் டிரைவை உரிமையாளர் கையில் கொடுத்தேன். அவர் அதை வெள்ளி வைக்கும் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.